வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

"நீ சொல்லு தம்பி, எதைப் போடலாம்?" என்று எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த ஐயா கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "சமுதாயக் கூடத்தைப் போட்டுடலாங்கய்யா. பாலத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

அது 2019. தொகுதி மேம்பாட்டு நிதியை அப்போதுதான் 3 கோடி ஆக்கியிருந்தார்கள். பட்டியலில் ஒரு வேலைக்குத்தான் இடம் மிச்சம். கூடத்தைக் கேட்டது மூன்று ஊர்கள். பாலத்தைக் கேட்டது ஒரு காலனி, ஐம்பது வீடு இருக்கும். அவர்களின் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மேட்டூர் திறந்துவிட்டால் ஜனவரி 28-இல் மூடும் வரை பாடையை இடுப்பளவுத் தண்ணீரில்தான் தூக்கிப் போக வேண்டும். மதிப்பீடு போட அதிகாரிகள் வருவதோ கோடையில். காய்ந்து கிடக்கும் வாய்க்காலைப் பார்த்துவிட்டு, "நடந்தே போகலாமே" என்பார்கள்.

ஐயா நான்கு முறை ஜெயித்தவர். சட்டமன்றத்தில் எழுந்தால் தூர் வாருவதைப் பற்றிக் கேட்பார், இல்லையென்றால் நெல் கொள்முதல் நிலையம். தொகுதியில் ஒரு சாவு வீட்டையும் விட்டதில்லை. "கல்யாணத்துக்குப் போகாட்டி மன்னிச்சுடுவான் தம்பி, சாவுக்குப் போகாட்டி மறக்க மாட்டான்" என்பார். அந்தக் கார்த்திகையில் காலனிக்கும் மாலையோடு போனோம். பாடை தண்ணீரில் இறங்கியதை இருவரும் கரையில் நின்று பார்த்தோம். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பாலம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாரோ? இல்லை, கூடம் என்பது என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாரோ? கணக்குப்படி நான் சொன்னது தப்பில்லை. இன்றும் அங்கே கல்யாணம் நடக்கிறது. வெள்ளம் வந்தால் காலனி ஜனங்களும் அங்கேதான் தங்குகிறார்கள். ஆனால் ஓட்டை எண்ணி முடிவெடுக்க எனக்கு என்ன வந்தது? தேர்தலில் நிற்பவன் நான் இல்லையே.

அடுத்த வருஷம் கொரோனா. ஒவ்வொரு தொகுதி நிதியிலிருந்தும் 1 கோடியை அரசு எடுத்துக்கொண்டது. 2021-இல் அவருக்கு சீட் கிடைக்கவில்லை.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுக்கு நடுவே, "அந்தப் பாலம் வந்துடுச்சா தம்பி?" என்றார். "விசாரிச்சுச் சொல்றேங்கய்யா" என்றேன். விசாரிக்க என்ன இருக்கிறது? அந்த வாய்க்கால் கரை வழியாகத்தான் அன்று காலை அவர் வீட்டுக்கு வந்தேன்.