கெட்டுக்குள் இருப்பது வெறும் பெயர்

2010 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மோசஸ் மபிடா அரங்கின் தகவல் இணைப்பு ஒன்றைக் குவாண்டம் சாவியால் (ஒளித்துகள்களை அனுப்பி இருமுனையும் உருவாக்கிக்கொள்ளும் ரகசிய பிட்டு வரிசையால்) பூட்டினார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகக் குழு செய்த வேலை. இங்கே இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு குவாண்டம் நிலைகளை எழுதும் டிராக் குறியீட்டைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. குவாண்டம் சாவிப் பகிர்வு முறைகளில் மூத்தது 1984இல் பென்னட்டும் பிரசாரும் சொன்னது. அதற்கு வேண்டியது ஒளித்துகளின் நான்கு முனைவாக்க (ஒளி அதிரும் திசை) நிலைகள்தான்: கிடையாக |0⟩, செங்குத்தாக |1⟩, 45 பாகை சாய்வில் |+⟩, எதிர்ப்பக்கம் அதே சாய்வில் |−⟩.

|+⟩ = (|0⟩ + |1⟩)/√2
|−⟩ = (|0⟩ − |1⟩)/√2

டிராக் 1939இல் கொண்டுவந்த இந்தக் குறியீட்டில் |0⟩ போன்றது கெட்; அதன் கோட்டுக்கும் கோண அடைப்புக்கும் நடுவே எழுதுவது வெறும் பெயர். அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. முதல் சறுக்கல் இங்கேதான். |0⟩ என்பது பூச்சிய வெக்டர் அல்ல, நீளம் 1 உள்ள நிலை. −|+⟩ என்பதை |−⟩ என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. வெளியே நிற்கும் கழித்தல் குறி எந்த அளவீட்டிலும் தெரியாது. −|+⟩, |+⟩ இரண்டும் ஒரே நிலை. |−⟩ வேறு ஆள்: இரண்டின் உட்பெருக்கம் ⟨+|−⟩ = (1 − 1)/2 = 0, அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்து.

அடுத்து பிரா, அதாவது உட்பெருக்கத்தின் இடப்பக்கம் நிற்கும் ⟨0| போன்றது. கெட்டைத் திருப்பிப் போட்டால் போதாது. கெழுக்களின் இணைக் கலப்பெண்ணையும் எடுக்க வேண்டும்.

|க⟩ = (3|0⟩ + 4√−1 |1⟩)/5
⟨க| = (3⟨0| − 4√−1 ⟨1|)/5

⟨க|க⟩ = (9 + 16)/25 = 1. குறியை மாற்ற மறந்தால் (9 − 16)/25 = −7/25. நீளத்தின் வர்க்கம் மைனஸில் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பிராவைப் பாருங்கள். |+⟩, |−⟩ இரண்டிலும் கெழுக்கள் மெய்யெண்கள் என்பதால் இந்தத் தப்பு மறைந்தே கிடக்கும்; கெழுவில் √−1 உள்ள வட்ட முனைவாக்கம் வந்ததும் பல்லைக் காட்டும்.

வரிசையும் முக்கியம். ⟨0|+⟩ ஓர் எண்; |+⟩⟨0| ஒரு செயலி, அதாவது ஒரு கெட்டை வேறொரு கெட்டாக மாற்றுவது.

இனி ஒட்டுக்கேட்பவர் கணக்கு. ⟨0|+⟩ = 1/√2; வர்க்கம் எடுத்தால்தான் நிகழ்தகவு, அதாவது 1/2. (1/√2-ஐ அப்படியே வைத்தால் இரு விடைகளும் சேர்ந்து 1.414 ஆகிவிடும்.) |+⟩ போகும் வழியில் ஒருவர் 0/1 அடிப்படையில் (|0⟩ஆ |1⟩ஆ என்று மட்டும் கேட்டு) அளந்தால், அது |0⟩ ஆகவோ |1⟩ ஆகவோ மாறிவிடும். மறுமுனையில் அதை +/− அடிப்படையில் அளக்கும்போது |−⟩ வர வாய்ப்பு 1/2. அவர் தவறான அடிப்படையை எடுக்கும் வாய்ப்பும் 1/2. ஆகவே ஒவ்வொரு துகளையும் இப்படி அளந்து திரும்ப அனுப்பினால், இருமுனையும் ஒரே அடிப்படையைப் பயன்படுத்திய பிட்டுகளில் 25% பிழை வரும்.