இடக்கைக்கு எழுதியது

நவம்பர் 9, 2024

பியானோ டியூன் பண்ணுகிறவர் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து விடியற்காலை இறங்கினார். ஓட்டோ பிடித்து உவர்மலைக்கு வந்தவர், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினார். உள்ளே நான் எப்போதும் எரியவிட்டிருக்கும் 40 வாட் பல்பைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. அப்படியிருந்தும் உப்புக்காற்று விடவில்லை, கம்பி சுற்றிய ஆணிகளின் ஓரத்தில் சிவப்பாகத் துரு ஏறியிருந்தது.

கம்பிகளுக்கு நடுவில் சின்னக் கம்பளித் துண்டைச் செருகி, ஒரே ஒரு கம்பியை மட்டும் ஒலிக்க விடுவார். சாவியை மயிரளவு திருப்புவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். திரும்பவும் மயிரளவு. 200க்கு மேற்பட்ட கம்பிகளுக்கும் இதே பொறுமை. மத்தியானம் இரண்டு மணிக்கு இடப்பக்கத்துக்கு வந்தபோது சொன்னார்: “மிஸ், இந்தப் பக்கத்துச் சுத்தியல்களில் கம்பி பதிந்த தடம் மெல்லிசாத்தான் இருக்கு. வலப்பக்கம் நல்லாத் தேஞ்சிருக்கு. இங்க யாரும் பலமா வாசிக்கிறதில்லையா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் செப்புக் கம்பிகளை ஓங்கித் தட்டத் தொடங்கியதும் குசினிக்குள் போய்விட்டேன்.

இதை ஒருநாள் எழுதத்தான் வேண்டும். 2004 மார்கழி (டிசம்பர்) 26, சுனாமி வந்த நாள். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். உப்புவெளியில் எங்கள் வீடு. நான் பியானோ கிரேட் 8 பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தேன். கடலை நாங்கள் காணுவதற்கு முதல் அதன் சத்தம் வந்தது, நிலத்துக்கு அடியில் நிறைய லொறிகள் ஓடுவது போல. சுரத்தை அடங்கவிடாமல் நீட்டும் பெடலைக் காலால் அழுத்திப் பியானோவின் அடிச்சுரங்களை வாசித்தால் அந்தச் சத்தம்தான் வருகிறது. 20 வருடமாக அந்தப் பக்கம் நான் மெதுவாகத்தான் தொடுகிறேன்.

நவம்பர் 12

அன்று ஒரு கூரைத் தகரம் என் வலக்கையைக் கிழித்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் உயிர்களைப் பார்க்கவே ஆள் காணாத நாட்கள் அவை, விரலுக்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

2005இல் கொழும்பில் சித்தி வீட்டில் இருந்தபோது பியானோக் கலைஞர் லியோன் ஃப்ளைஷரைப் பற்றி வாசித்தேன். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் பெரிய பியானோக் கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவன், 16 வயதில் நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு மேடை, 1952இல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் மகாராணி இசைப் போட்டியில் முதலிடம். அப்புறம் 1964. வயது 36. வலக்கையில் இரண்டு விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் சுருளத் தொடங்கின. எந்த இரண்டு? மோதிர விரலும் சுண்டு விரலும். சித்தி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அவருடைய நோய் வேறு, என்னுடையது வேறு. எனக்கு அறுந்தது நரம்பு நார். அவருக்குக் கையில் ஒரு காயமும் இல்லை. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்து பழகிய மூளையில், ஒவ்வொரு விரலுக்கும் உள்ள தனித்தனி இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு விரலைக் கூப்பிட்டால் பக்கத்து விரலும் சேர்ந்து வருகிறது. ஃபோகல் டிஸ்டோனியா என்று அதற்குப் பெயர். உயிரை விடும் எண்ணம்கூட வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கற்பித்தார், வாத்தியக் குழுக்களை நடத்தினார், இடக்கைக்கு மட்டும் எழுதப்பட்டவற்றையெல்லாம் மேடையேற்றினார்.

அவர் வாசித்த ஒன்றை இந்த மார்கழி 26க்குள் படிக்கப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 18

இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதிய சக்கோன் என்ற படைப்பை, பின்னாளில் வந்த இசையமைப்பாளர் பிராம்ஸ் 1877இல் பியானோவுக்கு மாற்றினார், இடக்கைக்கு மட்டும். பிறகு பியானோக் கலைஞர் கிளாரா ஷூமானுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த நேரம் கிளாரா வலக்கையில் சதை பிடித்து வாசிக்க முடியாமல் இருந்தாராம்! பிராம்ஸுக்கு அது தெரியாது. வயலின்காரருக்கு அந்த நாலு கம்பிகளில் உள்ள கஷ்டம் பியானோக்காரருக்கும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் ஒரு கையை விலக்கி வைத்தார்.

முதல் எட்டு பார்கள் (தாளக் கட்டங்கள்) இன்று. இடக்கையில் கட்டைவிரல் வலப்பக்கம் பார்த்து இருப்பதால், பாட்டு அதற்குத்தான் வருகிறது. இத்தனை வருடமும் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல். கீழ்ச்சுரத்தைத் தட்டிப் பெடலில் பிடித்துவைத்துக்கொண்டு கை மேலே தாவ வேண்டும். அந்த அரை நொடியில் கீழ்ச்சுரம் தனியாக முழங்குகிறது. எனக்குக் கழுத்துப் பின்பக்கம் குளிர்ந்தது. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 27

மூன்று நாளாக மழை. தாழமுக்கம் எங்கள் கரைக்குக் கிட்ட வந்து நிற்கிறது. உயர்தரப் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, அதனால் பியானோவுக்குள் பல்பும் இல்லை. பழைய போர்வை இரண்டு போட்டு மூடினேன். உட்துறைமுகப் பக்கம் காற்று ஊளையிடுகிறது. அப்பா வழக்கம்போல அடையாளஅட்டை, காணி உறுதி, அம்மாவின் படம் மூன்றையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் படுத்தார். நான் படுக்கவில்லை.

டிசம்பர் 8

பெடல் இல்லாமல் வாசித்தேன், வரட்டுச் சத்தம். அடுத்த நாள் கால்வாசிப் பெடல். நேற்று அரைப் பெடல். எந்தச் சுரத்தில் உடம்பு விறைக்கிறது என்று பென்சிலால் புள்ளி வைக்கிறேன். 14 புள்ளி இருந்தது, இப்போது ஒன்பது.

வகுப்புக்கு வந்த சின்னவள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “மிஸ், மற்றக் கைக்கு என்ன வேலை?” என்று கேட்டாள். இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வது என்றேன். உண்மையும் அதுதான், பிடிக்காவிட்டால் உடம்பு சரிந்துவிடும்.

டிசம்பர் 15

1720இல் பாக் பயணம் போய்த் திரும்பி வந்தபோது மனைவி மரியா பார்பரா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. சக்கோன் உள்ள கையெழுத்துப் பிரதியிலும் அதே 1720தான். அவருக்காகத்தான் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவை அடக்கம் பண்ணியபோது நானும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தேன். மண் போடவில்லை. சக்கோனில் வருவதுபோல நாலு பார்த் துணுக்கு ஒன்றை 60 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கிற மனம் எனக்கு விளங்குகிறது.

பாதிவழியில் துயரமாக ஒலிக்கும் டி மைனர், வெளிச்சமாக ஒலிக்கும் டி மேஜராக மாறுகிற இடம் இன்று முதல்முறையாகத் தடங்காமல் வந்தது. எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், மெதுவாக வருகிறது அது. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

டிசம்பர் 21

1982இல் பால்டிமோரில் புது மண்டபத் திறப்பு விழாவில் ஃப்ளைஷர் இரண்டு கைகளாலும் வாசித்தார். எல்லோரும் மீண்டு வந்துவிட்டார் என்று கொண்டாடினார்கள். கை குணமாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பவும் இடக்கைக்கே போனார். 90களில் பொடொக்ஸ் ஊசி போட்டுத் தசையின் இறுக்கத்தைக் குறைத்த பிறகுதான் வலக்கை ஓரளவு திறந்தது. இரு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது 2004இல். 2020இல், 92 வயதில் இறக்கும் வரை கற்பித்துக்கொண்டிருந்தார்.

அந்த நடு 40 வருடத்தைக் காத்திருந்த காலம் என்று எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். அவர் காத்திருக்கவில்லை, வாழ்ந்தார். எத்தனை பிள்ளைகள் அவரிடம் படித்துப் போனார்கள்!

டிசம்பர் 26

காலையில் உப்புவெளிக் கரை. 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். கடல் தட்டையாகக் கிடந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கிப் பூவை விட்டார்.

பின்னேரம் பியானோவைத் திறந்தேன். “அப்பா, ஒண்டு வாசிக்கப் போறன், கொஞ்சம் சத்தமா இருக்கும்” என்றேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

டி மேஜர் முடிந்து திரும்பவும் மைனருக்குள் இறங்கி, கை கீழும் மேலுமாக ஓடும் இடம். முழுப் பெடல். சத்தம் எழுந்தது. தரை அதிர்வது பாதத்தில் தெரிந்தது. கை நின்றுவிட்டது. பின்னால் கதிரை கிரீச்சிட்டது. அப்பா எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன்.

“விட்ட இடத்திலயிருந்து வாசி பிள்ளை.”

வாசித்தேன். கடைசி டி அடங்கும் வரை பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஜனவரி 4, 2025

வகுப்புகள் தொடங்கிவிட்டன. கடைசிப் பக்கத்தில் இரண்டு இடம் இன்னும் பிசகுகிறது. புள்ளிகள் நாலு.

இடப்பக்கத்தில் ஒரு கம்பி சுருதி இறங்கிவிட்டது. டியூனருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லையே என்று அவர் யோசித்தார். “எந்தக் கம்பி மிஸ்?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்ப வாசிக்கிறீங்கள்,” என்றார். “சரி, மாசி நடுப்பகுதியில வாறன்.”