கல்லூரி ஊழியமும் கைக்குழந்தையும்: மதுரையில் நாங்கள் வாழ்ந்த விதம்

கல்லூரி மாணவர்களிடையே செய்யும் கிறிஸ்தவ ஊழியத்துக்கு முழுநேரமாக வர எண்ணும் இளம் தம்பதிகள் எங்களைச் சந்திக்க வருகிறார்கள். பணத்தைப் பற்றி என் கணவரிடம் கேட்பார்கள், பிள்ளைகளைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். இரண்டையும் இருவரிடமும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மதுரையில் எங்களைத் தாங்கியது எது, தடுமாற வைத்தது எது என்று அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

திருமணமான புதிதில் நரிமேட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் நிறுவிய லேடி டோக் கல்லூரி, 1954-இல் வந்த மருத்துவக் கல்லூரி எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பஸ்ஸுக்குச் செலவழிக்காமல் மாணவர்கள் நடந்தே வந்துவிடலாம். திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கும், நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டியுள்ள காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் மட்டும் என் கணவர் பைக்கில் போவார். ஜெபக்கூட்டம் நடக்கும், பாட்டுச் சத்தம் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் வீடு தேடினோம். சிலர் அதைக் கேட்டவுடனே வீடு இல்லை என்றார்கள். எங்களுக்கு வீடு தந்தவர் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், தீவிர முருக பக்தர். இரவு எட்டரைக்கு மேல் கிதார் கூடாது என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. அதைக் கடைசிவரை காத்தோம். கிருத்திகை விரதம் முடிந்ததும் அவர் வீட்டம்மா என் மகளுக்குப் பாயசம் கொண்டுவந்து தருவார்.

இந்த ஊழியத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால் சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. (Union of Evangelical Students of India) போன்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களில் கூட்டத்தை நடத்துவது மாணவர்கள்தாம். படிப்பை முடித்து வேலைக்குப் போன பட்டதாரிகள் அவர்களைத் தாங்குவார்கள். முழுநேர ஊழியர் பக்கத்தில் இருந்து பயிற்சி கொடுப்பார், அவ்வளவுதான். திருச்சபைப் போதகரின் வேலை வேறு, இது வேறு. மாணவர் செயற்குழுவைச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவன் தடுமாறித் தடுமாறி வேதபாடம் நடத்துவான். அனுபவமுள்ள ஊழியர் கை கட்டி உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். கேட்பவருக்கு அது பெரிய பயிற்சி.

மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்வோம். முதலில் பகுதியைக் கவனிப்பது, பிறகு பொருள் காண்பது, அதன்பின் தன் வாழ்க்கையில் பொருத்துவது. உசிலம்பட்டி, பேரையூர், பரமக்குடி பக்கங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தாம். ஆங்கில வகுப்பில் வாய் திறக்காதவர்கள், தமிழில் வேத வசனத்தைக் கையில் கொடுத்து “என்ன தெரிகிறது?” என்று கேட்டால் அருமையாகப் பேசுவார்கள். வேறு சமயத்துப் பிள்ளைகளும் நண்பர்களோடு வந்ததுண்டு. இங்கே வருவதை உங்கள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அவர்களிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வோம். பெற்றோருக்கு மறைத்துச் செய்யும் எதுவும் ஊழியம் ஆகாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே மனமாக இருந்தோம்.

மாணவிகளுக்கான நேரம் தனி. மாலை ஆறு மணிக்குள் அவர்கள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் நாலரை மணிக்கு என்னிடம் வருவார்கள். என் மகள் தூங்கி விழித்து அழும் நேரமும் அதுதான். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை என் கணவர் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தோம். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஊழியரின் மனைவி ஊழியத்துக்கு உதவியாக இருக்கிறார் என்று எங்களைப் பற்றி யாராவது சொன்னால், “அவளும் ஊழியர்தான்” என்று அவரே திருத்துவார். ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்தபின் அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததை, ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதியில் வளர்ந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். “அக்கா, ஒரு வீட்டில் அப்பா பாத்திரம் தேய்ப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றாள். திருமணத்தைப் பற்றி நாங்கள் எடுத்த வகுப்புகளைவிட அந்த அடுக்களை அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நம்புகிறேன்.

பணத்துக்கு வருகிறேன். எங்கள் தேவைகள் பட்டதாரிகளின் காணிக்கையில் நடந்தன. மாதத்தின் முதல் வாரத்தில் பெரும்பகுதி வரும், சில மாதங்களில் பிந்தும். ஜூன் மாதம் கடினமானது. கல்லூரி திறக்கிறது, முதலாண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், செலவு ஏறுகிறது. அதே மாதத்தில்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். வரவையும் செலவையும் இருவரும் சேர்ந்து ஒரே நோட்டில் எழுதினோம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் மாணவர்களின் சாப்பாட்டுக்குத் தனிப் பக்கம். பெரும்பாலும் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும்தான். மாதக் கடைசியில் எலுமிச்சை சாதமும் துவையலும். வெங்காயம் உரிக்கவும் தக்காளி நறுக்கவும் மாணவர்கள் மூன்று மணிக்கே வந்துவிடுவார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பையன்கள் வெங்காயம் உரிக்கும்போது வீட்டுக் கதையெல்லாம் பேசிவிடுவார்கள். பொறியியல் படித்த மகன் இப்படி ஆகிவிட்டானே என்று என் மாமனார் நீண்ட காலம் வருந்தினார். ஒரு முறை வந்து ஒரு வாரம் தங்கினார். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மூட்டை அரிசிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சித்திரைத் திருவிழா வந்தால் எங்கள் பகுதியில் எல்லாம் மாறிவிடும். அழகர் வைகையில் இறங்கும் நாளில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தையும் கோரிப்பாளையத்தையும் எளிதில் கடக்க முடியாது. அதை ஒட்டியே பருவத் தேர்வும் வரும். அந்த நாட்களில் கூட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டைப் படிப்பதற்குத் திறந்துவிடுவோம். கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் புத்தகத்தோடு இருப்பார்கள். மோர் கரைத்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.

இரண்டாவது குழந்தை பிறந்த வருடம்தான் எங்களுக்குச் சோதனை. பிரசவத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய், மூன்றாம் மாதம் திரும்பி வந்தேன். பையனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, எனக்கும் இல்லை. அந்தச் சமயத்தில், பல பாடங்களில் அரியர் வைத்திருந்த ஒரு மாணவன் நள்ளிரவில் கதவைத் தட்டினான். சாக வேண்டும் போலிருக்கிறது என்றான். என் கணவர் விடியும்வரை அவனோடு இருந்தார். காலையில் அவன் பெற்றோரை வரவழைத்து, அவர்களோடு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஜெபித்தோம், மருத்துவரிடமும் போனோம். இதில் ஒன்று போதும் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அன்றே எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அந்தப் பையன் மெல்லத் தேறி, அரியரையும் முடித்தான்.

அதன்பின் அவருடைய தொலைபேசி ஓயவில்லை. காதல் தோல்வி, விடுதிக் கட்டணம், அறை நண்பனோடு சண்டை என்று எல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஒரு நாள் இரவு இருவரும் உட்கார்ந்து பேசினோம். எனக்குப் பேச்சைவிட அழுகைதான் அதிகம் வந்தது. அவர் எதையும் சமாதானமாகச் சொல்ல முயலவில்லை. ஒரு தாளை எடுத்து, அந்த வாரம் வந்த அழைப்புகளையெல்லாம் எழுதினார். பார்த்தால், பாதிக்கு மேல் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவனோ ஒரு பட்டதாரியோ கவனித்துவிடக் கூடியவை. மாணவர்களே நடத்த வேண்டும் என்ற கொள்கையைக் கூட்டங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தோம், பராமரிப்புக்கு வைக்கவில்லை.

செயற்குழுவைக் கூப்பிட்டு எங்கள் நிலைமையை உள்ளபடி சொன்னோம். முதலாண்டுப் பிள்ளைகளை ஆளுக்குச் சிலராக மூத்தவர்கள் பொறுப்பெடுத்தார்கள். வேலை, குடும்பம் சம்பந்தமான சிக்கல்களுக்கு இரண்டு பட்டதாரித் தம்பதிகள் முன்வந்தார்கள். உயிர் ஆபத்து என்றால் எந்த நேரமும் எங்களைக் கூப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பிரசங்கத்துக்குப் போக வேண்டியிருந்ததால், திங்கட்கிழமை முழுவதும் எங்கள் குடும்பத்துக்கு என்று வைத்தோம். மாலையில் பிள்ளைகளை ராஜாஜி பூங்காவுக்கோ தெப்பக்குளத்துக்கோ அழைத்துப் போவோம். அடுத்த பருவத்தில் மாணவர்கள் வளர்ந்த வேகம் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. தன் பொறுப்பில் நான்கு தம்பிகள் இருக்கிறார்கள் என்றால் ஒரு பையன் வகுப்புக்கும் ஒழுங்காகப் போகிறான், தியானத்துக்கும் ஒழுங்காக எழுந்திருக்கிறான்.

ஊர் மாறும் நேரம் வந்தபோது, பிள்ளைகளின் படிப்பு கெடாதபடி ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டோம். எங்களுக்குப் பின் வந்த தம்பதிக்குக் கைக்குழந்தை இருந்தது. கணக்கு நோட்டையும் பட்டதாரிகளின் முகவரிகளையும் பெரிய சாதப் பானையையும் அவர்களிடம் ஒப்படைத்தோம். வீட்டுக்காரரிடம் அழைத்துப் போய் அறிமுகம் செய்தோம். புதிய அண்ணனும் அக்காவும் திங்கட்கிழமைகளில் கிடைக்கமாட்டார்கள் என்று செயற்குழுவிடம் சொல்லப் போனேன். அதை அவர்கள் அடுத்த ஆண்டின் திட்டத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.