ரவுண்டபவுட்டில் மட்டும் நழுவும் கியர்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கராஜ் வேலை பார்த்தால் ஒரு வசதியும் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்தே வரும். ஜப்பான் வண்டிகளுக்கு யூஸ்டு கியர்பாக்ஸ் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்துவிடும். அதனால் கியர் ஸ்லிப் ஆகிறது என்று யாராவது வந்தால், காரணம் தேடாமல் பெட்டியை மாற்ற விலை பேசுகிறவர்கள்தான் அதிகம்.

அப்படி ஓரிடத்தில் விலை கேட்டுவிட்டு மனசு வராமல் எங்களிடம் வந்தார் திருநெல்வேலிக்காரர் ஒருவர். ஆறு கியர் ஆட்டோமேட்டிக் செடான். "ஓடிக்கிட்டிருக்கும்போதே நியூட்ரல்ல விழுந்த மாதிரி இன்ஜின் மட்டும் கத்துது தம்பி. அப்புறம் வெடுக்குன்னு பிடிக்குது."

"எப்பண்ணே? மேடேறும்போதா, சூடானப்புறமா?"

யோசித்துவிட்டு, "ரவுண்டபவுட்ல திரும்பும்போதுதான்" என்றார்.

பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் நேர்ரோட்டிலும் நழுவும். திருப்பம் வரட்டும் என்று காத்திருக்காது. திரும்பும்போது மட்டும் என்றால், பானில், அதாவது பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில், குறைவாக இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. பிரஷர் விழுந்ததும் பிளேட்டுகளின் பிடி விட்டுப்போகும்.

ஸ்கேனரில் பி0730 இருந்தது. கியர் விகிதம் தப்பு என்று மட்டும் சொல்லும் கோடு அது. ஏன் என்று சொல்லாது. ஓட்டிப் பார்த்தபோது, இன்ஜினோடு சேர்ந்து, பெட்டிக்குள் நுழையும் டர்பைன் வேகமும் எகிறியது, சக்கரத்துக்குப் போகும் அவுட்புட் வேகம் அப்படியே நின்றது. நழுவல், இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இல்லை, உள்ளே கிளட்சில்.

சரி, ஆயில் எங்கே போனது? அடியில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. துருவிக் கேட்டபோதுதான், கோடையில் வேறொரு இடத்தில் ஆயில் மாற்றியதையும், அதற்குப் பிறகே தொல்லை ஆரம்பித்ததையும் சொன்னார். கூடவே நின்று பார்த்திருக்கிறார். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, மத்தியான வெயிலில் பிளக்கைத் திறந்து அளவு பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக், கிடையாது. இன்ஜின் ஓட வேண்டும், ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அப்போது அடிப் பிளக்கைத் திறந்து, வழிவது சொட்டாகக் குறையும்போது மூடினால் அதுதான் சரியான அளவு. இன்ஜின் நின்றால் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் பானுக்கு இறங்கி மட்டம் உயரும். சூட்டில் விரிவதும் அதோடு சேரும். அப்போது வழிவதை மிச்சம் என்று விட்டால், பெட்டிக்குத் தேவையான ஆயிலையே வெளியே கொட்டியதாகிவிடும். ஷார்ஜா ஜூலையில் காற்றே 40ஐத் தாண்டும் என்பதால் பகலில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

வண்டியை இரவு நிறுத்தி வைத்து, விடியற்காலையில் ஸ்கேனரில் டிகிரியைப் பார்த்தபடி ஊற்றினோம். ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. ஆயில் லேசாகப் பழுப்பேறியிருந்தது, தீய்ந்த வாடை இல்லை. ரவுண்டபவுட்டைச் சுற்றிச் சுற்றி வந்தும் நழுவவில்லை. ஆனாலும் நழுவிய நாட்களில் பிளேட்டுகள் கொஞ்சம் ஆயுளை இழந்திருக்கும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை.

ஃபோர்மேன் சேட்டனுக்குத்தான் வருத்தம். கியர்பாக்ஸ் வேலை என்று உள்ளே வந்த வண்டிக்கு ஆயில் பில் போட வேண்டியதாயிற்று.