இந்த பார்ட் எங்கண்ணா போவுது?

கிருஷ்ணகிரியில வீடு, ஓசூர்ல வேலை, தினமும் பஸ்ல போயிட்டு வரேன், பதினாலு வருஷமா ஒரே வேலைதான், குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன். சின்ன ஜாப் ஒர்க் ஷாப்பு எங்களுது, அடுத்த கம்பெனி டிராயிங் குடுக்கும், நாங்க பார்ட் பண்ணிக் குடுப்போம், கம்ப்யூட்டர்ல ஓடற கடைசல் மிஷின் நாலு, சிஎன்சி லேத்து, வெட்டி ஓட்டை போடற விஎம்சி மிஷின் ரெண்டு, எல்லாரையும் சேத்தா இருபத்தஞ்சு பேரு தேறாது. முன்னெல்லாம் பைக் பார்ட்ஸ், பம்ப் ஷாஃப்ட், இதுதான் ஓடிட்டிருந்துச்சு, இப்ப நாலு வருஷமா ஏரோஸ்பேஸ் ஆர்டர் வருது, அதுல ஒரு பங்கு டிஃபென்ஸ். அந்த ஆர்டர் வந்தப்பறம்தான் எங்களுக்கு சம்பளம் தேதி தவறாம வருது, அதை முதல்ல சொல்லிட்டுதான் மேல எழுதணும்.

போன மாசம் பாலக்கோட்டுப் பையன் ஒருத்தன், ஐடிஐ முடிச்சிட்டு அப்ரென்டிஸா சேந்தவன், ஒரு பிராக்கெட்டை கையில வெச்சுகிட்டு "இந்த பார்ட் எங்கண்ணா போவுது"ன்னு கேட்டான். உள்ளங்கையில அடங்கிடும், அலுமினியம், நாலு ஓட்டை ஒரு ஸ்லாட்டு, ஓரம் பூரா பிசிறு எடுத்து வழவழன்னு. "பெங்களூருக்குடா"ன்னேன். "அது தெரியும்ணா, அதுக்கப்பறம்?" எனக்கு பதில் தெரியல. ராத்திரி பஸ்ல சூளகிரி தாண்டுற வரைக்கும் அதே யோசனை.

ஏன்னா எங்க வேலையில தெரியாதுன்னு சொல்லவே கூடாது. அந்த ஒரு பிராக்கெட்டுக்கு ஒரு ஃபைலு இருக்கு. எந்த மில்லுல எந்தத் தடவை உருக்கி ஊத்தின அலுமினியம், அந்த உருக்கலோட நம்பர், அதான் ஹீட் நம்பர், என்ன, அதோட டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் எங்க, எந்த மிஷின்ல எந்த ஷிஃப்ட்ல யார் ஓட்டுனது, நான் எந்த மைக்ரோமீட்டர்ல அளந்தேன், அந்த மைக்ரோமீட்டரை கடைசியா எப்ப காலிபரேட் பண்ணோம், எல்லாம் அதுல இருக்கும். டிரேசபிலிட்டின்னு சொல்வோம். இருபது மைக்ரான் தப்புனா ரிஜெக்ட், சிவப்பு பெயின்ட் அடிச்சு தனி டப்பாவுல போட்டு பூட்டிடணும். ஆனா இதெல்லாம் பார்ட் வந்த வழி. போற வழி ஒரு டெலிவரி சலானோட முடிஞ்சிடுது. டிராயிங்ல பார்ட் நம்பரும் ரிவிஷன் நம்பரும் இருக்கும், பேர் போட்ற கட்டத்துல பிராக்கெட்னு மட்டும் இருக்கும்.

அவன் கேட்டதுக்காகவே ரெண்டு மூணு வாரமா தேடித் தேடிப் படிச்சேன். ஸ்டாக்ஹோம்ல சிப்ரின்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம், 1966ல ஆரம்பிச்சது, ராணுவத்துக்கு யார் எவ்ளோ செலவு பண்றாங்க, ஆயுதத்தை யார் விக்கறாங்க, யார் வாங்கறாங்கன்ற கணக்கெல்லாம் அவங்க வெளியிடறாங்க. 2024ல உலக நாடுங்க எல்லாம் சேந்து ராணுவத்துக்கு செலவு பண்ணது 2,71,800 கோடி டாலர், முந்தின வருஷத்தவிட 9.4 சதவீதம் ஜாஸ்தி, பத்து வருஷமா வரிசையா ஏறிட்டே வருது. முதல் நூறு ஆயுதக் கம்பெனிங்களோட ஆயுத வருமானம் மட்டும் அதே வருஷம் 67,900 கோடி டாலர். 2020லருந்து 2024 வரைக்கும் உலகத்துல ஏற்றுமதியான பெரிய ஆயுதங்கள்ல 43 சதவீதம் அமெரிக்காவோடது. இறக்குமதியில முதல் எடம் உக்ரைன், ரெண்டாவது எடம் யாருன்னா நாமதான். 2010லருந்து 2014 வரைக்கும் நாம வாங்கினதுல 72 சதவீதம் ரஷ்யாகிட்ட, 2020லருந்து 2024 வரைக்கும் பாத்தா அது 36 ஆயிடுச்சு, மிச்சத்துக்கு பிரான்ஸு, இஸ்ரேல், அமெரிக்கான்னு போயிட்டோம்.

இந்த வியாபாரத்துல மத்த வியாபாரத்துல இல்லாத ஒண்ணு இருக்கு. வாங்கறது அரசாங்கம், விக்க லைசென்ஸ் குடுக்கறது அரசாங்கம், ஆராய்ச்சிக்கு பணம் போடறதும் பெரும்பாலும் அரசாங்கம். அப்ப அரசியல்வாதி, ராணுவ அதிகாரி, கம்பெனி டைரக்டர் மூணு பேரும் ஒரே மேஜையில உக்காந்துதான் ஆகணும், கொஞ்ச நாள்ல யார் எந்தப் பக்கம்னே தெரியாம போயிடுது. டிக் செனி 1989லருந்து 93 வரைக்கும் அமெரிக்காவோட ராணுவ மந்திரி, அப்பறம் 1995ல ஹாலிபர்டன்னு எண்ணெய்க் கிணறு வேலை பண்ற கம்பெனிக்கு தலைவர், 2001ல துணை ஜனாதிபதி, 2003ல ஈராக் யுத்தம், அந்த யுத்தத்துல பெரிய பெரிய கான்ட்ராக்ட் ஹாலிபர்டனோட கிளைக் கம்பெனிக்குப் போச்சு. லாயிட் ஆஸ்டின் 2016ல ராணுவத்துலருந்து ரிட்டையர் ஆனவர், ஆயுதக் கம்பெனி போர்டுல உக்காந்தாரு, 2021ல ராணுவ மந்திரி ஆனாரு. ரிட்டையர் ஆகி ஏழு வருஷம் ஆகாம அந்தப் பதவிக்கு வரக்கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, அவருக்காக நாடாளுமன்றம் விலக்கு குடுத்துச்சு. அவர் தப்பு பண்ணாருன்னு நான் சொல்ல வரல, வழி எவ்ளோ திறந்து கெடக்குதுன்னுதான் சொல்றேன்.

இதைப் பேர் சொல்லி ஊரறிய எச்சரிச்சவரு ஒரு ராணுவத் தளபதிதான். ஐசனோவர், ரெண்டாம் உலகப் போர்ல நேச நாட்டுப் படைங்களை நடத்தினவரு, எட்டு வருஷம் அமெரிக்க ஜனாதிபதியா இருந்துட்டு எறங்கறப்ப, 1961 ஜனவரி 17ந்தேதி டிவியில பேசினாரு, ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேந்த இந்தக் கூட்டு அரசாங்கத்து மேல தேவையில்லாத செல்வாக்கு செலுத்தாம பாத்துக்குங்கன்னு. யுத்தத்தைக் கண்ணால பாத்தவர் அந்த நேரத்துல அதைச் சொன்னாருன்னா அவருக்கு எவ்ளோ தெரிஞ்சிருக்கணும்.

ஆனா என்னை உலுக்கினது எஃப்-35 கதைதான். லாக்ஹீட் மார்ட்டின் பண்ற போர் விமானம். அதுக்கு பார்ட்ஸ் பண்ற சப்ளையருங்க அமெரிக்காவுல 45க்கும் மேல மாநிலத்துல பரவி இருக்காங்க. நெறைய எம்பி தொகுதியில இப்படி ஷாப்பு இருக்கு, அதை நம்பி குடும்பங்க இருக்கு. அந்த விமானம் வேணாம், செலவு ஜாஸ்தி, ரிப்பேர் அதிகம்னு எவனாவது எந்திரிச்சா அவன் தொகுதிக்காரனே வேலை போயிடும்னு அவன்கிட்ட வந்து நிக்கிறான். படிச்சிட்டு போனை கீழ வெச்சிட்டேன். அது நாங்க. எங்க ஷாப்பு மாதிரி ஷாப்புங்கதான் அது. லஞ்சம் வாங்கற பெரிய மனுஷனைப் பத்திதான் நாம பேசறோம், ஆனா இந்தத் தொழிலை நிஜமா தாங்கிப் புடிக்கறது மாச சம்பளம் வாங்கற என்னை மாதிரி ஆளு.

அதே எஃப்-35ல இன்னொண்ணு. காஸாவுல குண்டு போடறதுக்கு உதவக்கூடாதுன்னு 2024 செப்டம்பர்ல பிரிட்டன் அரசாங்கம் இஸ்ரேலுக்கான சுமார் 350 ஏற்றுமதி லைசென்ஸ்ல 30 போல நிறுத்தி வெச்சுது, ஆனா எஃப்-35 பார்ட்ஸுக்கு விலக்கு. ஏன்னா அதெல்லாம் பல நாட்டுக்கும் பொதுவான ஸ்டாக்குக்குப் போவுது, அங்கருந்து எந்த பார்ட் எந்த நாட்டுக்குப் போவுதுன்னு பிரிச்சு நிறுத்த முடியாதாம். நெதர்லாந்துல 2024 பிப்ரவரியில அப்பீல் கோர்ட்டு அந்த பார்ட்ஸ் இஸ்ரேலுக்குப் போகக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, அரசாங்கம் மேல போச்சு, 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு லைசென்ஸை நீங்களே திரும்ப ஆராயுங்கன்னு அரசாங்கத்துகிட்டயே குடுத்துச்சு. ஒரு அலுமினியத் துண்டோட ஹீட் நம்பரை பத்து வருஷம் கழிச்சும் கண்டுபுடிக்கற தொழில் இது, அந்தத் தொழிலைப் பாத்து பார்ட் எங்க போவுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாதுன்னா என்னால ஏத்துக்க முடியல.

சரி, எங்க ஊருக்கு எப்படி வந்துச்சு இது. ஓசூர்லருந்து பெங்களூரு எச்ஏஎல், அரசாங்க விமானக் கம்பெனி, பக்கம், அது ஒரு காரணம். 2005ல ஆஃப்செட்னு ஒரு விதி வந்துச்சு, வெளிநாட்டுக்காரன் நமக்கு பெரிய ஆயுதம் வித்தா அதுல ஒரு பங்கை இங்கயே வேலையா திருப்பிக் குடுக்கணும், 2016ல பிரான்ஸ்லருந்து 36 ரஃபேல் போர் விமானம் வாங்கினப்ப அந்தப் பங்கு 50 சதவீதம். அப்பறம் தமிழ்நாடு டிஃபென்ஸ் காரிடார், ராணுவத் தளவாடத் தொழிலை வளக்கற திட்டம், 2018 பட்ஜெட்ல சொல்லி 2019 ஜனவரியில திருச்சியில தொடங்கினது, சென்னை, கோயம்புத்தூர், சேலம், திருச்சி, அதுகூட ஓசூர். நம்ம நாட்டு ஏற்றுமதியே 2024-25ல 23,622 கோடி ரூபா ஆயிடுச்சு. நான் இதுக்கு எதிரி இல்ல. சொந்தமா பண்ணத் தெரியலன்னா என்ன ஆகும்னு நம்ம தேஜஸ் போர் விமானத்துல பாத்தோம், 2021ல 83 விமானத்துக்கு ஆர்டர் போட்டும் அமெரிக்காவுலருந்து என்ஜின் வராம வருஷக்கணக்குல காத்துட்டு கெடந்தாங்க.

எங்க பெரியப்பா ஆர்ட்டில்லரியில ஹவில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவரு, கார்கில்ல போஃபர்ஸ் பீரங்கிக்குப் பக்கத்துல நின்னவரு, இப்பவும் வலது காது சரியா கேக்காது. அவர்கிட்ட போஃபர்ஸ்னாலே ரெண்டு கோவம் வரும். யாராவது அந்த பீரங்கியை ஊழல் பீரங்கின்னு சொன்னா "டேய், அது இல்லன்னா மலை மேல இருந்தவனை எறக்கியே இருக்க முடியாதுடா"ன்னு கத்துவாரு. அதே மூச்சுல, "ஆனா அதுல துன்னவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு எவனும் சொல்லலையே"ன்னுவாரு. 1986ல ஸ்வீடனோட போஃபர்ஸ் கம்பெனிகிட்ட 410 பீரங்கிக்கு ஒப்பந்தம், 1437 கோடி ரூபா. 1987 ஏப்ரல்ல ஸ்வீடன் ரேடியோவுல லஞ்ச செய்தி வந்துச்சு, 64 கோடி, சுவிஸ் பேங்கு, 1989ல ராஜீவ் காந்தி ஆட்சியே போச்சு. ராஜீவ் காந்தி மேல இருந்த லஞ்சக் குற்றச்சாட்டை 2004ல டெல்லி ஹைகோர்ட்டு தள்ளிடுச்சு, அடுத்த வருஷம் இந்துஜா சகோதரர்கள்னு தொழிலதிபருங்க மேல இருந்ததும் போச்சு. பணம் கை மாறினது நிஜம், அது எங்க போச்சுன்னு ஒரு கோர்ட்டுலயும் நிக்கல. அந்த பயத்துலயே முப்பது வருஷம் பக்கம் ராணுவத்துக்கு புது பீரங்கி வரல, 2018லதான் கே-9, எம்-777 எல்லாம் வந்து சேந்துச்சு. நடுவுல குளிருல நின்ன சிப்பாய்ங்க பழைய பீரங்கியோடயே நின்னாங்க. ரகசியம்னு சொல்லி மூடி வெச்சதுக்கு விலை குடுத்தது பெரியப்பா மாதிரி ஆளுங்கதான், அவர் காதுகிட்ட குனிஞ்சு பேசறப்பெல்லாம் எனக்கு அது நெஞ்சுல தைக்கும்.

இன்னொண்ணு சொல்லணும், எங்க மண்ணுக்கு இது புதுசு கெடையாது. கிருஷ்ணகிரி கோட்டை, ராயக்கோட்டை எல்லாம் ஐதர் அலி, திப்பு கையில இருந்தது, 1792 ஒப்பந்தத்துலதான் பாராமகால், அதான் எங்க சீமையோட பழைய பேரு, வெள்ளைக்காரன்கிட்ட போச்சு. மைசூர் படைகிட்ட இரும்புக் குழாய் ராக்கெட் இருந்துச்சு, 1780ல பொள்ளிலூர் சண்டையில கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அடிச்சு நொறுக்கினதுல அதுக்கும் பங்கு உண்டு. 1799ல சீரங்கப்பட்டணம் விழுந்தப்பறம் அந்த ராக்கெட்டுங்களை லண்டன் பக்கத்துல ஊல்விச்சுக்கு கொண்டுபோனாங்க, காங்கிரீவ்னு ஒருத்தர் அதைப் பாத்து புதுசா செஞ்சாரு, 1807ல டென்மார்க்கோட கோபன்ஹேகன் நகரத்தை பிரிட்டிஷ்காரன் எரிச்சதுல அதுக்கும் பங்கு உண்டு. மைசூர்ல அந்தக் குழாயை அடிச்ச கொல்லருக்கு டென்மார்க்னு ஒரு நாடு இருக்கறதே தெரிஞ்சிருக்காது, அங்க எந்த வீட்டுக்கூரை எரிஞ்சுதுன்னு அவர்கிட்ட யாரும் போய் சொல்லியும் இருக்க மாட்டாங்க.

இப்ப எங்க ஊர் மாங்காய்க்கு வரேன். பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் எடுக்கற பல்ப் ஃபேக்டரிக்குதான், அந்தக் கூழு டின்னு டின்னா வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறும். 2023 நவம்பர்லருந்து செங்கடல்ல ஏமன் நாட்டு ஹூதி ஆயுதப் படைங்க கப்பலை அடிக்க ஆரம்பிச்சதும் ஐரோப்பா போற கப்பல் பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சு, கண்டெய்னர் வாடகை எகிறிடுச்சு. மாங்காய் விலை விழுந்ததுக்கு விளைச்சல், பழைய ஸ்டாக்குன்னு வேற காரணமும் இருக்கு, ஆனா இதுவும் ஒண்ணுன்னு பல்ப் ஃபேக்டரிக்காரங்களே சொல்றாங்க. எங்க மாமனார் காவேரிப்பட்டணத்துல ஒரு டிராக்டர் லோடு காயோட கேட்டுல ஒரு பகலும் ராத்திரியும் நின்னு, கூலிக்கு கூட கட்டாத விலைக்கு எறக்கிட்டு வந்தாரு. அன்னிக்கு ராத்திரி வீட்டுல அவர் சாப்பிடல. அதே வாரம் எங்க ஷாப்புல ஓவர்டைம் போட்டு பிராக்கெட் அனுப்பினோம்.

ஐநாவுல 2013 ஏப்ரல் 2ந்தேதி ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்துச்சு, விக்கற நாடு முன்னாடியே யோசிக்கணும், இந்த ஆயுதம் ஜனங்களைக் கொல்றதுக்குப் போவுமான்னு பாத்துதான் லைசென்ஸ் குடுக்கணும்னு. இந்தியா ஓட்டு போடாம ஒதுங்கிடுச்சு, இதுவரைக்கும் சேரல, வாங்கற நாட்டோட பாதுகாப்பை அதுல சரியா பாக்கலன்னு காரணம் சொன்னாங்க. அன்னிக்கு நாம பெரும்பாலும் வாங்கற நாடுதான், அந்தக் காரணத்துல நியாயம் இருந்திருக்கலாம். இன்னிக்கு பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை விக்கிறோம், விக்கறவனா ஆயிட்டோம். நம்மகிட்டயும் ஸ்கோமெட்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கறதை அனுப்ப லைசென்ஸ் வேணும், யார் உபயோகிக்கப் போறாங்கன்னு சர்ட்டிஃபிகேட் வேணும். எந்த நாட்டுக்கு என்ன அனுப்பினோம்னு ஜனங்க பாக்கற மாதிரி வருஷா வருஷம் முழுப் பட்டியல் வரணும், எதுக்கு லைசென்ஸ் மறுத்தாங்கன்றதும் சேத்து, அதை நாடாளுமன்றத்துல வெச்சுப் பேசணும். டிசைனையோ டாலரன்ஸையோ யாரும் கேக்கல, ஊர் பேரைத்தான் கேக்கறோம்.

ஓட்டு கேட்டு ஓசூர் சிட்கோ கேட்டுக்கு எல்லா கட்சிக்காரங்களும் வருவாங்க, ஷிஃப்ட் விடற நேரம் பாத்துதான் வருவாங்க. டிஃபென்ஸ் காரிடார்ல எத்தனை வேலை வரும்னு நோட்டீஸ்ல போட்டிருப்பாங்க. இந்தத் தடவை நோட்டீஸை வாங்கிட்டு அந்தப் பட்டியலைக் கேக்கப் போறேன். பாலக்கோட்டுப் பையனும் கூட வரேன்னு சொல்லியிருக்கான், அவனுக்கு இதுதான் முதல் ஓட்டு.