கொலம்போவில் எது சொத்தை?

ஜூன் 7, சனி

கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் மொத்தம் 69 படங்கள். 1968இல் வந்த முதல் தொலைக்காட்சிப் படத்திலிருந்து 1978 வரை என்பிசி சேனலில் 45. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. 1989இல் ஏபிசி சேனலுக்கு வந்து 2003 வரை இன்னும் 24. இதில் நல்லது எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் சண்டையே வராது. டொனால்ட் பிளசென்ஸ் ஒயின் தயாரிப்பாளராக வருவது, ஜானி கேஷ் பாடகராக வருவது என்று ஆளுக்கு நாலு பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். மோசமானது எது என்று கேட்டால்தான் வீடு சூடாகிறது.

மச்சினன் லீவுக்கு வந்திருக்கிறான். பெரியப்பா மகன் அண்ணன் எப்படியும் வாரக் கடைசியில் வருவார். சொத்தை என்று பெயரெடுத்தவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் கொலையாளி யார் என்பது முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடும். பணமும் திமிரும் உள்ள ஆள் கச்சிதமாகக் கொலை செய்வார். பிறகு கசங்கிய மழைக்கோட்டு, ஓட்டைப் பெஜோ கார், சுருட்டு சகிதம் போலீஸ் அதிகாரி கொலம்போவாக பீட்டர் ஃபால்க் வந்து, 'இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்' என்று அந்த ஆளைத் தேய்த்துத் தேய்த்தே பிடிப்பார். லெவின்சன், லிங்க் என்ற எழுத்தாளர் ஜோடி உருவாக்கிய அச்சு இது.

ஜூன் 8, ஞாயிறு

எல்லோரும் முதலில் கைகாட்டும் குற்றவாளி 'லாஸ்ட் சல்யூட் டு த கொமடோர்'. 1976 மே மாதம், ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோட். இயக்கியவர் பேட்ரிக் மெக்கூஹன். இதே தொடரில் கொலையாளியாக நடித்து எம்மி விருது வாங்கியவர்.

கொமடோர் என்று எல்லோரும் கூப்பிடும், படகுக் கம்பெனி முதலாளியான கிழவர் செத்துக் கிடக்கிறார். மருமகன் ராபர்ட் வான் உடலை அப்புறப்படுத்துகிறார். போன வருடம்தான் இதே வான் கப்பல் கதையொன்றில் கொலையாளியாக வந்திருந்தார். அதனால் நாமும் 'சரி, இவர்தான்' என்று சாய்ந்து உட்காருகிறோம். பாதியில் அவரே கொலையாகிவிடுகிறார்! அதுவரை கொலம்போவில் இல்லாத 'யார் செய்தது' கதை தொடங்குகிறது.

அண்ணனுக்கு இங்கேதான் கோபம். "இட்லி கேட்டவனுக்கு நூடுல்ஸ் வச்ச மாதிரி இருக்குடா" என்றார். எனக்கு அதில் குறையில்லை. நடிகரைப் போட்டே பார்ப்பவனை ஏமாற்றுவது நல்ல தந்திரம். என் குறை வேறு. இதில் ஃபால்க் எல்லார் மேலும் போய் இடிக்கிறார், தோளில் கை போடுகிறார், படகுப் பட்டறை இரைச்சலில் கத்திப் பேசுகிறார், ஒரு பெண்ணோடு சப்பணமிட்டு உட்காருகிறார். காட்சிகளோ முடிய மறுக்கின்றன. கொலம்போவின் கூச்சம்தான் அவருடைய ஆயுதம். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது தொந்தரவு தரும் ஒரு மனிதர்.

கடைசிச் சான்றும் சப்பை. கடிகாரத்தை ஒவ்வொருவர் காதிலும் வைத்து 'இது கொமடோருடைய கடிகாரம்' என்கிறார். ஒருவன் மட்டும் 'இல்லை' என்கிறான். கொலையின்போது அது உடைந்து நின்றது அவனுக்கு மட்டும்தானே தெரியும். இதை வைத்து எந்த நீதிமன்றத்தில் ஜெயிப்பது? ஆனால் முடிவில் கொலம்போ தனியாகத் துடுப்பு போட்டுக்கொண்டு போவது எனக்குப் பிடித்தது. அண்ணன் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூன் 11, புதன்

வேலை நாள் என்பதால் இரண்டைப் பாதி பாதியாக ஓட்டிப் பார்த்தோம். 'டெட் வெயிட்', 1971. ராணுவ ஜெனரலாக எடி ஆல்பர்ட். படகிலிருந்து கொலையைப் பார்த்த பெண் அவரிடமே மயங்கிவிடுகிறாள். மந்தம், அவ்வளவுதான். சொத்தை என்று சொல்லக்கூட முயற்சி வேண்டியிருக்கிறது.

'ஷார்ட் ஃப்யூஸ்', 1972. ராடி மெக்டவல் சுருட்டுப் பெட்டியில் வெடி வைக்கிறார். நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்கு இப்போதும் கோர்வையாகச் சொல்ல வராது. ஆனால் கடைசியில் மலைமேல் போகும் ரோப்காருக்குள் கொலம்போ அதே மாதிரிப் பெட்டியை நிதானமாகத் திறக்க, மெக்டவல் பதறிப்போகிற இடம் அருமை. மச்சினன் அவருடைய இறுக்கமான பேன்ட்டைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 14, சனி

இன்றைக்கு உண்மையான சண்டை. 'டேகர் ஆஃப் த மைண்ட்', 1972. கொலம்போ லண்டன் போகிறார். ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்டும் ஹானர் பிளாக்மேனும் மேக்பெத் நாடகம் போடும் நடிகத் தம்பதி. லண்டனைக் காட்டியாக வேண்டும் என்பதற்காகவே நிறையச் சுற்றுகிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். பிரச்சினை முடிவில் இருக்கிறது. கொலை நடந்தபோது அறுந்த முத்துமாலையின் ஒரு முத்து, செத்தவரின் குடைக்குள் விழுந்திருக்கும் என்கிறார் கொலம்போ. குடையை விரித்தால் முத்து இருக்கிறது. பேஸ்ஹார்ட் மேக்பெத் வசனம் பேசிக்கொண்டே உடைந்துபோகிறார். பிறகுதான் தெரிகிறது, அந்த முத்தைச் சுண்டிப் போட்டவரே கொலம்போ.

"இது ஃப்ராடு இல்லையா மாமா? போலீஸே ஆதாரம் வச்சா அதுக்குப் பேர் வேற" என்றான் மச்சினன். அண்ணன் உடனே, "அவர் எப்பவுமே ஏமாத்தித்தானே பிடிக்கிறார்? அந்தக் கான்டாக்ட் லென்ஸ் கதை என்னவாம்?" என்றார்.

கேள்வி நியாயமானது, அதனால் ராத்திரி அதையும் போட்டோம். 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்', 1971. துப்பறியும் நிறுவனம் நடத்தும் ராபர்ட் கல்ப்தான் கொலையாளி. செத்த பெண்ணின் லென்ஸ் ஒன்று காணோம் என்று கொலம்போ புளுகுகிறார். கல்ப்பின் காரின் புகைக்குழாயில் உருளைக்கிழங்கை அடைத்து, அதைப் பழுது பார்க்கும் கடைக்குப் போக வைக்கிறார். கல்ப் ராத்திரி அங்கே நுழைந்து டிக்கியைத் துழாவும்போது விளக்கு எரிகிறது. 1974இல் வந்த 'எ ஃப்ரெண்ட் இன் டீட்' இன்னும் மேலே. அங்கே கொலையாளி கொலம்போவின் மேலதிகாரியே. ஒரு திருடனின் விலாசம் என்று கோப்பில் கொலம்போ தன் வாடகை வீட்டு விலாசத்தை எழுதிவைக்க, அதிகாரி நகைகளை அந்த வீட்டில் கொண்டுபோய் ஒளிக்கிறார்.

இரண்டிலும் பொய் கொலம்போவுடையது, ஆனால் கால் கொலையாளியுடையது. அவர் நடந்து வந்து மாட்டிக்கொள்கிறார். லண்டனில் அந்தத் தம்பதி வெறுமனே நிற்கிறார்கள், ஆதாரம் அவர்கள் முன்னால் வந்து விழுகிறது. தூண்டில் போடுவதும் சட்டைப் பையில் மீனை வைத்துவிட்டுத் திருடன் என்பதும் ஒன்றா? அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

'ஸ்ட்ரேஞ்ச் பெட்ஃபெல்லோஸ்', 1995. மாஃபியாத் தலைவர் ராட் ஸ்டைகரைத் துணைக்கு வைத்துக் கொலம்போ கொலையாளியை மிரட்டுகிறார். மிரட்டிப் பிடிக்க இவர் எதற்கு? இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 21, சனி

அண்ணனின் வேட்பாளர்: 'நோ டைம் டு டை', 1992. கொலம்போவின் அண்ணன் மகனோ அக்காள் மகனோ, யாரோ ஒரு இளம் போலீஸ்காரனுக்குக் கல்யாணம். அன்று ராத்திரியே மணப்பெண்ணை ஒருவன் கடத்திவிடுகிறான். எட் மெக்பெயின் எழுதிய வேறொரு போலீஸ் நாவலை வாங்கி, அதற்குள் கொலம்போவை நட்டிருக்கிறார்கள். வழக்கமாக நாம் முதலிலேயே பார்க்கும் கொலை இதில் இல்லை. கடத்தியவனும் கொலம்போவும் ஒரு காட்சியில்கூட எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதில்லை. ஃபால்க் சிரிக்காமல், சுற்றி வளைக்காமல், சாதாரணப் போலீஸ் அதிகாரியாக உத்தரவு போடுகிறார்.

"கொமடோர்ல கொலம்போ பைத்தியமா இருந்தார். இதுல ஆளே இல்லடா" என்றார் அண்ணன். அவருடைய வாதத்தில் பாதி சரி. ஆனால் நேரம் குறையக் குறைய எனக்குப் படபடப்பு வந்தது. கொலம்போ என்ற பெயரை எடுத்துவிட்டால் பார்க்கக்கூடிய த்ரில்லர் அது.

ஜூன் 22, ஞாயிறு

என் வேட்பாளர்: 'மர்டர் இன் மாலிபு', 1990. அச்சு ஒன்றும் மாறவில்லை. பணக்கார நாவலாசிரியை, அவரை வளைத்துப்போட்ட அழகன் ஆண்ட்ரூ ஸ்டீவன்ஸ், கொலை, விசாரணை, எல்லாம் இருக்கிறது. முக்கியத் துப்பு, செத்தவருக்கு உள்ளாடையை முன்பின் மாற்றி மாட்டியிருப்பது. உடை மாட்டிவிட்டது ஓர் ஆண் என்று அதிலிருந்து முடிவுக்கு வருகிறார்கள். அதைச் சொல்ல ஃபால்க் படும் பாட்டைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்த ஆளைப் பிடிக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதுதான் விஷயம். பிடிபடுகிறவனுக்கு மூளை இருந்தால்தானே பிடிப்பவருக்குப் பெருமை?

ஜூன் 26, வியாழன்

மச்சினன் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னான். எழுத்தாளர் பெயர்களை நான் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. 'ஷார்ட் ஃப்யூஸ்', 'டேகர் ஆஃப் த மைண்ட்', 'கொமடோர்', 'மாலிபு' நான்குக்கும் திரைக்கதை ஜாக்சன் கில்லிஸ். ஆள் கிடைத்துவிட்டான் என்று குதித்தான்.

ஆனால் 1971இன் 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' எழுதியதும் இதே கில்லிஸ்தான். திருடுபோன ஓவியங்களில் கொலம்போவின் விரல்ரேகை இருக்கிறது. அதை நீங்கள் இப்போதுதான் பதித்தீர்கள் என்று கலை விமர்சகர் ராஸ் மார்ட்டின் கத்துகிறார். கொலம்போ ஒரு வார்த்தை பேசாமல் கோட்டுப் பையிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. மொத்தத் தொடரிலும் எனக்கு இதைவிடப் பெரிய முடிவு கிடையாது. ராஸ் மார்ட்டினின் திமிர் இல்லையென்றால் அந்தக் கையுறைக்கு மதிப்பே இல்லை. ஆண்ட்ரூ ஸ்டீவன்ஸுக்கு முன்னால் கையுறையைக் காட்டி என்ன பிரயோஜனம்?

அண்ணனிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், நோ டைம்தான் கடைசி" என்கிறார். மெக்பெயின் நாவலை வைத்து எடுத்த இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. 1994இல் வந்த 'அண்டர்கவர்'. கொலம்போ மாறுவேடத்தில் அலைவது. சனிக்கிழமை பார்க்கலாமா என்றேன். அவருக்கு ஏதோ கல்யாணம் இருக்கிறதாம்.