நேராகப் பார்க்காதே

கப்பலில் ராத்திரி 12 மணி வாட்சுக்கு, அதாவது காவல் முறைக்கு, பதினொன்றரைக்கே எழுப்பிவிடுவார்கள். முகம் கழுவி, ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு, கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜுக்கு ஏறினால் கும்மிருட்டு. சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரியும். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. அதுவரை பக்கத்தில் நிற்பவனைக் குரல் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1988-ல் கோஸ்ட் கார்டில், அதாவது கடலோரக் காவல் படையில், சேர்ந்தேன். சட்டப்படி படை அமைந்து அப்போது பத்து வருடம்தான் ஆகியிருந்தது. கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களையும் ஐந்து ரோந்துப் படகுகளையும் வைத்துத் தொடங்கிய படை அது. ஒரிசாவில் சில்காவில் பயிற்சி. அப்புறம் என்னை ரேடாரில் போட்டார்கள். குளச்சல் பக்கத்துக் கட்டுமரக்காரர் மகன், படித்தவன் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள்.

பார்ப்பதற்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். பத்து வயதில் ராத்திரித் தொழிலுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். கரையில் எரிகிற விளக்கைத் தேடி நான் கண்ணை விரித்து முறைத்தால், "நேராப் பாக்காத மக்களே, பக்கத்துல பாரு" என்பார். ஒரு விரல் தள்ளிப் பார்த்தால் விளக்கு தெரியும். அதன் மேலேயே கண்ணை வைத்தால் மறைந்துவிடும். சில்காவில் இதையே ஒரு வகுப்பாக எடுத்தார்கள். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மங்கலான வெளிச்சம் சரியாகத் தெரியாது, அதைச் சுற்றி இருக்கும் பகுதிதான் இருட்டில் வேலை செய்யும் என்று படம் போட்டு விளக்கினார்கள். அப்பாவுக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை.

ரேடார் பெரிய துணைதான். ஆனால் மீன்பிடி வள்ளங்களின் மரமும் ஃபைபரும் இரும்பைப் போல ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாது. கடல் கொந்தளித்தால் ஒவ்வொரு அலை முகடும் திரையில் புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளைக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறது. அதைக் கூடுதலாகத் திருகினால் அலை மறையும், கூடவே வள்ளமும் மறையும்.

ஒரு ஆவணி ராத்திரி. கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மீன் நிறைந்த மேட்டுக்கடல் அது. இலங்கையோடு செய்த 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவின் பக்கம் உறுதியான இடம். எங்கள் பக்கத்து மீனவர்கள் அங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், திரை முழுக்கப் புள்ளியாக இருக்கிறதே என்று குமிழைத் திருகினேன். திரை சுத்தமாகிவிட்டது. பார்க்க நிம்மதியாகக்கூட இருந்தது.

இடது பக்கம் கடலைக் கண்காணிக்கும் லுக்அவுட்டில் நின்றவன் மலைநாட்டுப் பையன். சில்காவுக்கு வரும்வரை கடலையே பார்த்ததில்லை. அவன்தான் கத்தினான்: "ரெட் ஒன் ஜீரோ, லைட்!" இடது முன்பக்கம், பத்து டிகிரி. என் திரையில் ஒன்றுமில்லை. வாட்ச் அதிகாரி என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் கப்பலை வலப்பக்கம் திருப்பினார். ஒரு ஃபைபர் வள்ளம் எங்களை ஒட்டிப் போனது. அதில் இரண்டு பேர். ஒருவர் டார்ச்சைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பேட்டரி தீரும் என்று மற்ற விளக்கை அணைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கப்பல் அவர்களுடைய வலையின் மேல் ஏறிவிட்டது.

நிறுத்தினோம். தண்ணீரும் சாப்பாடும் இறக்கினோம். நான் குனிந்து எங்கள் பேச்சில் பேசியதும் பெரியவர் எந்தத் துறை, அதாவது எந்தக் கடற்கரை ஊர், என்று கேட்டார். சொன்னேன். "கப்பலு பெருசுதான மக்களே, கண்ணு எங்க போச்சு?" என்றார். விளக்கு போடாதது அவர்கள் தப்பு என்று சட்டம் சொல்லும். குமிழைத் திருகியது நான். அறுந்த வலையின் ஒரு முனை தண்ணீரில் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது, இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கட்டுமரத்தில் நிற்பவனுக்கு சுமார் 5 கிலோமீட்டர் வரைதான் அடிவானம். 12 மீட்டர் உயரமுள்ள பிரிட்ஜிலிருந்து 13 கிலோமீட்டர் தெரியும். 30 மீட்டர் பாய்மர உச்சியில் ஏறினால் 21. அதனால்தான் பழைய கப்பல்களில் எந்தக் குளிரிலும் ஒருவனை உச்சியில் ஏற்றி நிறுத்தினார்கள். ஆனால் உயரம் தூரத்தைக் கொடுக்குமே தவிர, பார்ப்பது என்ன என்று சொல்லாது. 1741-ல் டச்சுக்காரர்கள் குளச்சலைப் பிடிக்க வந்தபோது, மீனவர்கள் கரையில் வரிசையாக நின்று துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள், தொலைநோக்கியில் பார்த்தவர்கள் படை என்று நினைத்தார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கதையோ நடந்ததோ, டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்காகக் குளச்சலில் நிற்கும் வெற்றித் தூணைச் சுற்றிச் சின்ன வயதில் விளையாடிய எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்தப் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார்; உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கடலிலிருந்து வந்தவர் கரையிலிருந்து கடலைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்று அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு அழுகை. குழித்துறையில் சனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றுங்கள், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும் என்று கேட்டார்கள். கொஞ்சம் பேரைத் தேடுதல் கப்பல்களில் ஏற்றிக்கொள்ளவும் செய்தார்கள். நான் அப்போது ஊரில் இருந்த எல்லோரிடமும் சொன்னது இதுதான்: திரையை நம்பாதீர்கள், அவர்களைப் பிரிட்ஜில் நிறுத்துங்கள்.

என் மனைவியின் தம்பியும் போனான். நான்கு நாள். மூன்றாம் நாள் காலையில் தூரத்தில் பறவைகள் தண்ணீர் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கீழே ஏதோ கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறான். பைனாகுலர் வைத்திருந்தவர்களுக்கு அது நுரையாகத்தான் தெரிந்ததாம். கப்பலைத் திருப்பிப் போய்ப் பார்த்தால், கவிழ்ந்த ஒரு வள்ளம். ஆள் யாரும் இல்லை.

திரும்பி வந்த அன்று நடைவாசலில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் உப்பு பட்டுச் சிவந்திருந்தது. ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அத்தான், அவ்வளவு உசரத்துல இருந்து பாத்தா நாங்க ஒண்ணுமே தெரிய மாட்டோமே."